அறுபத்தொன்றா, இருநூற்று அறுபத்து நான்கா?

நீங்கள் மூன்று பேரும் வேலையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை என்று சொன்னார்கள். நான் இதே வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. "புதுசா வந்தவங்களுக்கு உங்க அனுபவத்தை எழுதிக் கொடுங்க மேடம், அவங்களுக்கு ஒரு தைரியம் வரும்" என்று கிளினிக்கிலிருந்து போனில் கேட்டார்கள். தைரியம் கொடுக்கிற அளவுக்கு என்னிடம் ஸ்டாக் இல்லை என்றேன். சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

சென்சாரை எப்படி ஒட்டுவது, போனோடு எப்படி இணைப்பது, அறிக்கையை எப்படி அச்செடுப்பது என்பதையெல்லாம் கம்பெனிக்காரர்கள் வந்து படம் போட்டுச் சொல்லித்தருவார்கள். மத்தியானம் பிரியாணியும் போடுவார்கள். நன்றாகச் சாப்பிடுங்கள். நான் எழுதப்போவது நான்கு நிமிடம் நடந்த ஒரு போன் பேச்சைப் பற்றி மட்டும்தான். இருபத்திரண்டு வருடம் இந்த வேலையைச் செய்தேன் என்றாலும், திரும்பிப் பார்த்தால் அந்த நான்கு நிமிடம்தான் நிற்கிறது. மற்றதெல்லாம் கரைந்துவிட்டது.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜோகுபாளையத்தில் பிறந்து வளர்ந்தவள். காக்ஸ் டவுன் பக்கம் ஒரு சர்க்கரை நோய் கிளினிக்கில் ஆலோசகராக இருந்தேன். டாக்டர் மருந்து எழுதுவார். அந்த மருந்தோடு எப்படி வாழ்வது என்று சொல்லித்தருவது என் வேலை. ஊசி போடக் கற்றுக்கொடுப்பேன், சாப்பாட்டைத் திட்டுவேன், போனில் வருகிற சந்தேகங்களுக்குப் பதில் சொல்வேன். ஜனங்கள் என்னை 'சுகர் மேடம்' என்பார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை அவர்கள் பாசம் என்று எடுத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சென்சார் வந்தபோது நான்தான் முதலில் குதித்தேன். கையின் மேற்பகுதியில் ஒட்டுகிற சின்ன வில்லை. பதினான்கு நாள் ஒட்டியிருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை போனில் எண் காட்டும், ஏறுகிறதா இறங்குகிறதா என்று பக்கத்தில் ஒரு அம்புக்குறியும் போடும். சர்க்கரை எழுபதுக்குக் கீழே இறங்கினால் சத்தம் போட்டுக் கூப்பிடும். விரலைக் குத்திக் குத்திக் காய்த்துப்போனவர்களுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் அது ரத்தத்தைத் தொடுவதே இல்லை என்பதை மறக்காதீர்கள். தோலுக்கு அடியில் ஊறுகிற நீரைப் பார்த்துவிட்டு, ரத்தத்தில் இவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறது. ஒட்டிய முதல் நாள் தடுமாறும். அந்தக் கை மேலேயே படுத்தால், அழுத்தத்தில் குறைத்துக் காட்டும். சர்க்கரை மளமளவென்று இறங்கும்போது பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு வரும்.

அதனால் எல்லோருக்கும் ஒரு விதியைச் சொல்லிக் கொடுத்தோம். சென்சார் மேல் சந்தேகம் வந்தால் விரலைக் குத்திப் பார். இரண்டும் வேறு வேறாக இருந்தால் விரலை நம்பு. "விரல்தான் சுப்ரீம் கோர்ட். அதுக்கு மேல அப்பீல் கெடையாது" என்று நான் சொல்வேன். ஜனங்கள் சிரிப்பார்கள், நினைவில் வைத்துக்கொள்வார்கள். உங்களுக்கும் இந்த விதியைத்தான் இப்போது சொல்லிக்கொடுத்திருப்பார்கள். தப்பான விதி இல்லை. ஆனால் இந்த விதியை வைத்துத்தான் நான் அம்சாவை அழித்தேன்.

அம்சாவேணி. ஜீவனஹள்ளிக்காரி, வயது முப்பத்து நான்கு. லிங்கராஜபுரத்தில் பஸ் நிற்கிற இடத்தருகே அவளும் புருஷன் தாமோதரனும் தள்ளுவண்டியில் பழம் நறுக்கி விற்றார்கள். பப்பாளி, தர்பூசணி, அன்னாசி, சீசனில் மாம்பழம். தட்டில் அடுக்கி மேலே உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தருவார்கள். அவள் அன்னாசி சீவுகிற வேகத்தைப் பார்க்கவே நான் இரண்டு தடவை பஸ்ஸை விட்டிருக்கிறேன். நான் ஊசி போடக் கற்றுத்தரும் வகுப்பில் வயதான ஆண்கள் ஊசியைக் கண்டு முகம் சுளித்தால், "இன்னா தாத்தா, கொசு கடிச்சா ஊரைக் கூட்டுவியா?" என்று கேட்டு அவர்களையே சிரிக்க வைப்பாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். பிடித்தவர்களிடம் நாம் கவனமாக இருப்பதாக நினைக்கிறோம். எனக்கு அனுபவம் வேறு.

பதினெட்டு வயதிலிருந்து அவளுக்கு இன்சுலின். இத்தனை வருடத்தில் அவள் உடம்பு ஒரு விஷயத்தை மறந்துபோயிருந்தது. சர்க்கரை இறங்கினால் நமக்கு வேர்க்கும், படபடக்கும், கை நடுங்கும். அவளுக்கு அது எதுவும் வராது. ஐம்பதில் இருந்தாலும் சிரித்துப் பேசிக்கொண்டே இருப்பாள், திடீரென்று விழுவாள். ஒரு தடவை கையில் கத்தியோடு விழுந்தாள். அதற்குப் பிறகுதான் நான் அலைந்து திரிந்து ஒரு டிரஸ்ட்டைப் பிடித்து அவளுக்கு இலவசமாக சென்சார் வாங்கிக் கொடுத்தேன். அவள் உடம்பு சொல்ல மறந்ததைச் சொல்வதற்கு அந்த வில்லை ஒன்றுதான் இருந்தது. இதை ஒரு நிமிடம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்சார் ஒட்டிய அன்று விரல் குத்துகிற மெஷினையும் கொடுத்தேன். துண்டுப் பிரசுரத்தில் 'சோப்புப் போட்டுத் தண்ணீரில் கை கழுவி, துடைத்து, பிறகு குத்தவும்' என்று அச்சடித்திருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு, "மேடம், வண்டியாண்ட தண்ணிக்கு நான் எங்க போவேன்? ஒரு குடம் எடுத்துனு போறோம், அது பழம் கழுவவே பத்தல" என்றாள். நியாயமான கேள்வி. நான் மேசை டிராயரைத் திறந்து ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு பாக்கெட்டுகள் ஒரு கட்டை எடுத்துக் கொடுத்தேன். "தண்ணி இல்லேன்னா இதால தொடச்சிக்கோ, போதும்." தாமோதரன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் அந்தக் கட்டை வாங்கிச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். ஏழைகளின் நிலைமை தெரிந்தவள் நான் என்று அன்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

ஏப்ரல் மாத வெயில். அந்த வாரம் கிளினிக்கில் ஒரே பேஜார். புதிதாக வந்த பெட்டியில் இருந்த சென்சார்கள் கண்டபடி குறைத்துக் காட்டின. திங்கட்கிழமையிலிருந்து போன் ஓயவில்லை. நாற்பத்தெட்டு என்று காட்டுகிற சென்சாரோடு ஒருவர் என் எதிரில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டே கிரிக்கெட் பேசினார். விரலைக் குத்தினால் நூற்று நாற்பது. ஒரு டீச்சரம்மா வகுப்பை விட்டு ஓடி வந்தார். அவருக்கும் அதே கதை. எல்லோருக்கும் அதே பதில் சொன்னேன்: சென்சாரை விடு, விரலை நம்பு. ஒவ்வொரு தடவையும் என் பதில் சரியாக இருந்தது. பத்து தடவை சரியாக இருந்தவளுக்குப் பதினோராவது தடவை யோசிக்கத் தோன்றாது. பழக்கம் நம்மை முட்டாளாக்குவது இப்படித்தான், புத்திசாலி என்று தட்டிக்கொடுத்துக்கொண்டே.

வியாழக்கிழமை மத்தியானம் அம்சா கூப்பிட்டாள். எதிரில் ஒரு பெரியவர், வாசலில் நான்கைந்து பேர். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினேன்.

"மேடம், அறுவத்தொண்ணுனு காட்டுது. அம்பு கீழ பாத்துனு இக்குது. சத்தம் நிக்கவே மாட்டேங்குது."

"உனக்கும் ஆரம்பிச்சிடுச்சா? இந்த வாரம் எல்லாருக்கும் இதே ரோதனை. அந்தக் கை மேல சாஞ்சியா?"

"வண்டிக் கம்பி மேல சொல்ப நேரம் சாஞ்சினு இருந்தேன் மேடம்."

அப்பாடா, காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். "விரல்ல பாத்தியா?"

"பாத்தேன். அதுல எரநூத்தி அறுவத்தி நாலு."

"பஞ்சால தொடச்சிட்டுதானே குத்துன?"

"நல்லா தொடச்சேன் மேடம். நீங்க குடுத்ததுதான்."

இந்த இடத்தில் நான் அவ்வளவு மோசமானவள் இல்லை என்று உங்களுக்குக் காட்டிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. இன்னொரு விரலிலும் குத்திப் பார்க்கச் சொன்னேன். அவள் மறுபடி பஞ்சால் துடைத்து, மறுபடி குத்தினாள். இருநூற்று ஐம்பத்தொன்று. இரண்டு சாட்சிகள் ஒரே பேச்சு. இரண்டு சாட்சிகளும் ஒரே கையைச் சேர்ந்தவர்கள் என்று எனக்கு உறைக்கவில்லை.

"சாப்பாட்டுக்கு முன்னாடி ஊசி போட்டியா?"

"போட்டேன். பாதிதான் சாப்டேன், கிராக்கி வந்துட்டாங்க. இப்பதான் ஒரு மாம்பழம் சீவிக் குடுத்துட்டு வந்து ஒக்காந்தேன்."

மாம்பழம் சீவிக் கொடுத்துவிட்டு வந்தேன் என்று அவள் வாயாலேயே சொன்னாள். ஊசி போட்டுவிட்டுப் பாதி சாப்பாட்டில் எழுந்தேன் என்றும் சொன்னாள். ஒரு நோயாளி இதைவிடத் தெளிவாக என்னதான் சொல்ல முடியும்? என் காதில் இருநூற்று அறுபத்து நான்கு மட்டும்தான் விழுந்திருந்தது. எதிரில் இருந்த பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சார்ட்ல இன்னா போட்டிருக்கு? எரநூத்தம்பதுக்கு மேல நாலு யூனிட். நாலு போட்டுக்கோ. இனிப்பா எதையும் வாயில போடாதே. சாயங்காலம் வா, சென்சாரை மாத்தித் தரேன்."

அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. "பயமா இக்குது மேடம். அது கத்தினே இக்குதே."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சத்தத்தை அணைச்சு வை. உனக்கு மெஷின் மேல நம்பிக்கையா, என் மேல நம்பிக்கையா?"

சிரித்துவிட்டாள். "உங்க மேலதான் மேடம்."

அவ்வளவுதான் பேச்சு. போனை வைத்துவிட்டு எதிரில் இருந்த பெரியவரிடம், "சாரி சார், இன்னைக்கு எல்லாருக்கும் சென்சார் தகராறு" என்றேன்.

அடுத்து போன் வந்தபோது சாயங்காலம் ஐந்து மணி. தாமோதரன் பேசினார். பேச வரவில்லை, "அம்சா, அம்சா" என்றார். அவர் மத்தியானம் மாம்பழக் கூடை எடுக்க மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார். அவள் ஊசி போட்டுக்கொண்டு, வண்டிக்குப் பின்னால் ஸ்டூலில், குடை நிழலில் உட்கார்ந்திருக்கிறாள். தலை சாய்ந்திருந்திருக்கிறது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் வெயிலுக்குக் கண் அசந்துவிட்டாள் என்று நினைத்து எழுப்பாமல் போயிருக்கிறார்கள். நல்ல மனதுக்காரர்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படியே இருந்திருக்கிறாள். புருஷன் வந்து தொட்டபோது ஸ்டூலிலிருந்து சரிந்திருக்கிறாள். போன் அவள் மடியிலேயே இருந்தது, சத்தம் அணைத்து.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனேன். அவசரப் பிரிவில் இருந்த நர்ஸ் கன்னடக்காரப் பெண், தமிழ் நன்றாகப் பேசுவாள். அவள்தான் எனக்கு உண்மையைச் சொன்னாள், தான் எதைச் சொல்கிறோம் என்று தெரியாமல். "ஃபர்ஸ்ட் குத்தினப்ப நூத்தி எண்பது வந்துச்சு சிஸ்டர். சுகர் காரணம் இல்லைன்னு ஃபிட்ஸுக்குப் பாக்கலாம்னு இருந்தாங்க. எனக்கு ஒரு டவுட்டு. கை ஃபுல்லா அண்டு அண்டா இருந்துச்சு." பிசுபிசுப்புக்கு அவர்கள் சொல்லும் வார்த்தை அது. "நல்லா தண்ணி ஊத்திக் கழுவிட்டு மறுபடி குத்தினேன். இருபத்தி மூணு."

இருபத்து மூன்று.

காலையிலிருந்து அவள் கை பழச்சாற்றில் ஊறியிருக்கிறது. அதன் சர்க்கரை விரல் ரேகைகளில் காய்ந்து ஒட்டியிருக்கும். ஸ்பிரிட் பஞ்சு கிருமியைக் கொல்லும். காய்ந்த சர்க்கரையை எடுக்காது. அதைத் தண்ணீர்தான் கரைக்கும். ஒரு பொட்டு ரத்தத்தில் அந்த இனிப்பு கலந்தால் போதும், மெஷின் இருநூறு, முந்நூறு என்று காட்டும். மெஷின் பொய் சொல்லவில்லை. அவள் விரல் நுனியில் இருந்த மாம்பழத்தை அது சரியாகத்தான் அளந்தது.

இதெல்லாம் எனக்குத் தெரியாததா என்று கேட்பீர்கள். தெரியும். பயிற்சியில் படித்தேன், பரீட்சையில் எழுதினேன், மார்க்கும் வாங்கினேன். தெரிந்தது தேவைப்பட்ட நான்கு நிமிடத்தில் அது வரவில்லை. மறுநாள் அவள் போனை வாங்கி சென்சார் வரைந்த கோட்டைப் பார்த்தேன். சாப்பாட்டு வேளையிலிருந்து கோடு சீராக இறங்கியிருந்தது. அவள் எனக்கு போன் செய்த நேரத்தில் அறுபத்தொன்று. அந்த வாரம் கிளினிக்கில் சரியாகச் சொன்ன ஒரே சென்சார் அவளுடையதாக இருக்கலாம். அதன் வாயைத்தான் நான் அடைத்தேன். அதற்குப் பிறகும் அந்தக் கோடு ஐம்பது, நாற்பத்தைந்து என்று இறங்கிக்கொண்டே போயிருந்தது, கேட்க ஆள் இல்லாமல்.

அம்சா ஐந்து நாள் கண் திறக்கவில்லை. ஆறாவது நாள் திறந்தாள். தாமோதரன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், நான் ஏதோ பிழைக்க வைத்தவள் மாதிரி.

இந்த மாதிரிக் கட்டுரையில் ஒரு குருநாதர் வர வேண்டும் இல்லையா? எனக்கும் இருந்தார். கிளினிக்கின் பெரிய டாக்டர். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர், கெட்ட மனுஷர் இல்லை. அவர் எனக்குக் கடைசியாகக் கற்றுக்கொடுத்தது ஒரு படிவத்தை எப்படி நிரப்புவது என்று. சம்பவ அறிக்கை என்று ஒன்று உண்டு, நீங்களும் எழுதுவீர்கள். அவர் அறையில் உட்கார்ந்து எழுதினோம்.

"பேஷன்ட் கை கழுவாம டெஸ்ட் பண்ணியிருக்காங்க. அதானே?" என்றார்.

"சார், பஞ்சு நான் கொடுத்தது. தொடச்சா போதும்னு நான்தான் சொன்னேன்."

"லீஃப்லெட்ல என்ன போட்டிருக்கு?"

"சோப்பு, தண்ணி."

"அப்புறம் என்ன? நீங்க வாயால சொன்னது எங்கயாவது எழுதியிருக்கா?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "பாருங்கம்மா, உண்மையை எழுதினா அந்தப் பொண்ணுக்குப் பழையபடி ஆயிடுமா? உங்களை வேலையை விட்டு எடுத்துடுவாங்க. நாளைக்கு இந்த ஜனங்க போன் பண்ணா யார் எடுப்பா? ரிட்டயர்மென்ட்டுக்கு எத்தனை வருஷம் இருக்கு?"

"மூணு, சார்."

அவர் பேனாவை என் பக்கம் நகர்த்தினார். 'நோயாளி பரிசோதனைக்கு முன் கைகளைக் கழுவவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த வாக்கியத்தில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதைவிடப் பெரிய பொய்யை நான் வாழ்நாளில் சொன்னதும் இல்லை.

படிவத்தில் கடைசியாக ஒரு வரி இருந்தது: நோயாளிக்கு மறுபடியும் விளக்கப்பட்டதா? ஆம் என்று போட வேண்டும் என்றால் விளக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்சா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னை அடையாளம் தெரிந்தது. வேறு அதிகம் தெரியவில்லை. காலையில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டால் புருஷன் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னேன்: "அம்சா, குத்தறதுக்கு முன்னாடி கையைச் சோப்பு போட்டுக் கழுவணும். நீ கழுவல, அதான் இப்படி ஆயிடுச்சு." அவள் தலையாட்டினாள். அவளுக்குப் பதியவேண்டுமே என்று இன்னொரு தடவையும் சொன்னேன். தாமோதரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். படிவத்தில் 'ஆம்' என்று குறித்தேன்.

அதற்குப் பிறகு நான் திருந்தினேனா என்று கேட்டால், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் நிறையச் செய்தேன். பஞ்சு பாக்கெட்டுகளைக் குப்பையில் போட்டேன். போன் எடுத்தால் எண்ணைக் கேட்பதற்கு முன்னால், "பத்து நிமிஷத்துக்கு முன்னாடி கையில என்ன வேலை?" என்று கேட்பேன். இரண்டு எண்ணில் எது குறைவோ அதை முதலில் நம்பு என்று விதியை மாற்றிச் சொன்னேன். அதுவும் சும்மா விடவில்லை. ஒரு தையல்காரர் சென்சார் பொய்யாகக் கத்தும்போதெல்லாம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து, சர்க்கரை ஏறி, கால் புண் ஆறாமல், இரண்டு கால்விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அவரும் நான் சொன்னபடிதான் செய்தார். எல்லோருக்கும் பொருந்துகிற விதி ஒன்று இருக்கிறது என்று உங்களுக்கு யாராவது சொன்னால் அவரிடம் என்னை அழைத்துப்போங்கள், நானும் கற்றுக்கொள்கிறேன்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். இரண்டு எண்கள் சண்டை போடும்போது, எந்த மெஷின் சரி என்று யோசிக்க ஆரம்பிக்காதீர்கள். தப்பாக இருந்தால் எந்தத் தப்பு ஆளைக் கொல்லும் என்று யோசியுங்கள். இருநூற்று அறுபத்து நான்கு உண்மையாக இருந்து நான் ஊசியைத் தள்ளிப் போட்டிருந்தால், ஒரு மணி நேரம் சர்க்கரை ஏறியிருக்கும், அவ்வளவுதான். தண்ணீர் வாங்கிக் கை கழுவி மறுபடி குத்தச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அந்த இரண்டு நிமிடம் அன்று என்னிடம் இருந்தது. இதை நீங்கள் படித்து, தலையாட்டி, மறந்துவிடுவீர்கள் என்றும் எனக்குத் தெரியும். நானும் படித்து மறந்தவள்தானே.

அம்சாவைத் தாமோதரன் பதினான்கு நாளுக்கு ஒருமுறை அழைத்து வருவார். வண்டியை அவர் தனியாக நடத்துகிறார். அவள் கையில் கத்தியைக் கொடுத்தால் அதை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றார். ஊசியை அவரே போட்டுவிடுகிறார். மூன்று வருடம் இப்படி வந்து போனார்கள். ஒவ்வொரு தடவையும் நான் சென்சாரை மாற்றி ஒட்டினேன், அவர் ஒவ்வொரு தடவையும் நன்றி சொன்னார். நான் ஓய்வு பெறுகிற மாதம் அவர்கள் வந்தபோது, இனிமேல் மறைக்க முடியாது என்று தோன்றியது. அம்சா கை கழுவ வெளியே குழாயடிக்குப் போயிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு அவரிடம் சொன்னேன்.

"அம்சா மேல தப்பே இல்ல தாமோதரன். பஞ்சு போதும்னு நான்தான் சொன்னேன். அன்னைக்கு ஊசியும் நான் சொல்லித்தான் போட்டா. எழுதிக் கொடுத்ததெல்லாம் பொய்."

அவர் திடுக்கிடவில்லை. சென்சார் டப்பாவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். "தெரியும் மேடம்" என்றார். "பஞ்சு குடுத்தப்ப நானும் பக்கத்துல தானே ஒக்காந்துனு இருந்தேன்."

"அப்ப ஏன் ஒண்ணும் கேக்கல?"

"கேட்டுட்டு எங்க போறது? வேற யாரு எங்களுக்கு இதைச் சும்மா ஒட்டித் தருவா? யாரு போன் எடுப்பா?" அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். வாசலைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மேடம். எல்லாத்தையும் மறந்துட்டா, நீங்க ஆஸ்பத்திரில சொன்னதை மட்டும் மறக்கல. ஒரு நாளைக்கு நாப்பது தடவ கழுவறா. நல்லா கழுவுனா பழையபடி ஆயிடலாம்னு நெனச்சினு இக்குறா."

கதவைத் தள்ளிக்கொண்டு அம்சா உள்ளே வந்தாள். இரண்டு கைகளிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. விரல் இடுக்குகளில் தோல் வெடித்துச் சிவந்திருந்தது. என் மேசைக்கு மேல் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள்.

"கழுவிட்டேன் மேடம். இப்ப சரியா இக்குதா பாருங்க."

"நல்லா கழுவியிருக்கே அம்சா" என்றேன்.